கண்புரை அறுவைக்குப் பின் உறுத்தலைக் குறைக்க வாங்கியவை: ஒரு மதிப்பீடு

கண்புரை அறுவை இப்போதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் ஒரு மாதத்துச் சொட்டு மருந்தும் உறுத்தலும்தான் வீட்டாருக்கு வேலை வைக்கின்றன. எழுபது வயதைக் கடந்த என் தாயாருக்கு இடது கண்ணில் ஃபேகோ முறையில், அதாவது மீயொலி அலைகளால் உடைத்து உறிஞ்சி, புரையை அகற்றி லென்ஸ் வைத்த பிறகு, மருத்துவர் எழுதிக் கொடுத்தவை, மெடிக்கல் கடையில் நாங்களாகக் கேட்டு வாங்கியவை, மருத்துவமனையை ஒட்டிய கண்ணாடிக் கடையில் எங்கள் தலையில் கட்டப்பட்டவை என்று ஒரு பை நிறையப் பொருள்கள் சேர்ந்தன. அவற்றுள் எவை உறுத்தலைக் குறைத்தன, எவை வீண் செலவு என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கிருமி வளராமல் தடுக்கும் பதப்பொருள் கலக்காமல், ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் சிறு குப்பிகளில் வரும் செயற்கைக் கண்ணீர் (கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு)தான் கொடுத்த காசுக்கு முழுப் பலன் தந்தது. மற்றவற்றில் பாதிக்கு வீட்டிலேயே மாற்று உண்டு. கிருமிக்கொல்லிச் சொட்டும் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டும் இந்த மதிப்பீட்டுக்குள் வரமாட்டா. அவை மருத்துவர் எழுதியபடி, எழுதிய நாள்வரை போடவேண்டியவை.

உறுத்தல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எதை வாங்குவது என்பதும் தெரியும். ஃபேகோ அறுவையில் கருவிழியின் ஓரத்தில் இடும் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான். தையல் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் உடலில் நரம்பு முனைகள் மிக அடர்ந்திருக்கும் இடங்களுள் கருவிழியும் ஒன்று. வெட்டு விழும் இடத்தில் அந்த நரம்புகள் அறுபடுவதால், கண் காய்ந்திருக்கிறது என்ற செய்தி கண்ணீர்ச் சுரப்பிக்குச் சரியாகப் போய்ச் சேருவது சில வாரங்களுக்குத் தடைப்படுகிறது. போதாக்குறைக்கு, அறுவைக்கு முன் கிருமி நீக்குவதற்காகக் கண்ணில் விடும் 5 சதவீதப் போவிடோன் அயோடின், இமைகளை விரித்துப் பிடிக்கும் கம்பி, நுண்ணோக்கியின் கடும் வெளிச்சம் ஆகியவையும் கண்ணின் மேற்பரப்பை நோகச் செய்கின்றன. மரத்துப்போன நிலை விலகிய முதல் நாள் மாலையில் "கண்ணுக்குள்ள மணல் கிடக்குற மாதிரி இருக்குப்பா" என்று என் தாயார் சொன்னது இதனால்தான். அந்தக் கரகரப்பு இரண்டு மூன்று நாளில் தணிந்தது. ஆனால் அடுத்த வாரம் வேறு வடிவத்தில், எரிச்சலாகவும் மாலை நேரத்துக் கலங்கலாகவும் திரும்பி வந்தது. புண் ஆறவில்லையோ என்று பலரும் அஞ்சுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் அது வறட்சிதான். கண்ணிலிருந்து நீர் வழிகிறதே, வறட்சி எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது சுரக்கும் அவசரக் கண்ணீர் வழிந்து ஓடிவிடுமே தவிர, கண்ணைப் பூசி நிற்காது. இந்த வறட்சி பலருக்கும் மூன்று மாதங்களுக்குள் சரியாகிவிடுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், முன்பே கண் வறட்சி இருந்தவர்களுக்கும் நீடிக்கலாம்.

இன்னொரு காரணம் மருந்துப் பைக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் சீட்டில் ஸ்டீராய்டு சொட்டு முதல் வாரம் நாளுக்கு ஆறு வேளை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று இறங்குவரிசையில் எழுதப்பட்டிருந்தது. கிருமிக்கொல்லி நான்கு வேளை, ஸ்டீராய்டு அல்லாத அழற்சி நீக்கிச் சொட்டு மூன்று வேளை. ஆக முதல் வாரத்தில் ஒரே கண்ணில் நாளுக்குப் பதின்மூன்று சொட்டுகள். பல முறை திறந்து மூடும் புட்டியில் கிருமி வளராமலிருக்கப் பதப்பொருள் சேர்க்கிறார்கள்; மிகப் பரவலாகச் சேர்க்கப்படுவது பென்சால்கோனியம் குளோரைடு. புட்டிக்குள் கிருமியைக் கொல்லும் அதே பொருள், அடிக்கடி போடும்போது கருவிழியின் மேல்தோலையும் கண்ணீர்ப் படலத்தையும் அரிக்கிறது. பிரெட்னிசோலோன் அசிடேட் என்னும் ஸ்டீராய்டு சொட்டில் இது பெரும்பாலும் உண்டு. மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5 சதவீதச் சொட்டில், தானே கிருமிக்கொல்லியாக இருப்பதால், இது இல்லாத தயாரிப்புகள் உண்டு. மருத்துவர் எழுதிய சொட்டுகளைக் குறைக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் உறுத்தலுக்காக நாமாகச் சேர்க்கும் செயற்கைக் கண்ணீரிலும் அதே பதப்பொருள் இருந்தால், நிவாரணம் என்ற பெயரில் நாளுக்கு மேலும் நான்கைந்து முறை உறுத்தலையே ஊற்றுகிறோம். கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுத்த முதல் மலிவுப் புட்டி அப்படிப்பட்டதுதான். அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சிறு எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம்.

செயற்கைக் கண்ணீரில் நாங்கள் பயன்படுத்திப் பார்த்தவை மூன்று வகை. முதலாவது ரெஃப்ரெஷ் டியர்ஸ். இதில் உள்ள கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதம், பதப்பொருளாகப் பென்சால்கோனியத்துக்குப் பதில் ஆக்ஸிகுளோரோ கூட்டுப்பொருள் ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது உப்பு, நீர், ஆக்சிஜன் என்று பிரிந்துவிடும் தன்மையுடையது. போட்டவுடன் பார்வை மங்குவதில்லை; சிறு ஊர் மெடிக்கலிலும் கிடைக்கிறது; விலையும் தாங்கக்கூடியது. குறை என்று சொன்னால், நீர்த்த பதமாக இருப்பதால் ஆறுதல் வெகு நேரம் நிற்பதில்லை. மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருந்தால் அரை மணி நேரத்தில் மறுபடி கேட்கும்.

இரண்டாவது சிஸ்டேன் அல்ட்ரா. பாலியெத்திலீன் கிளைக்கால் 0.4 சதவீதமும் புரொப்பிலீன் கிளைக்கால் 0.3 சதவீதமும் கொண்டது. அத்துடன் கொத்தவரை இனத்து விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையின் ஒரு வகையும் சேர்ந்திருக்கிறது. இந்தப் பசை கண்ணீரின் காரத்தன்மையைச் சந்தித்ததும் லேசாக இறுகிப் படலமாகிறது. அதனால் ஆறுதல் நீடிக்கிறது. போட்ட ஓரிரு நிமிடம் பார்வை கலங்குவதும் அதனால்தான். விலை கூடுதல். பதப்பொருள் இதிலும் பென்சால்கோனியம் அல்ல, பாலிக்வாட் என்னும் மென்மையான வகை. பகலில் நடமாடும் நேரத்துக்கு ரெஃப்ரெஷ் டியர்ஸும், மாலையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குச் சிஸ்டேன் அல்ட்ராவும் என் தாயாருக்கு ஒத்துவந்தன. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் வாங்குவதானால் நான் ரெஃப்ரெஷ் டியர்ஸையே சொல்வேன்.

மூன்றாவதுதான் முதல் பத்தியில் சொன்ன சிறு குப்பி. அலுமினிய உறைக்குள் ஐந்து அல்லது பத்துக் குப்பிகள் சீப்புப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைப் பிய்த்தெடுத்து, தலையைத் திருகினால் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் மருந்து அதே கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் அல்லது சோடியம் ஹையலூரோனேட். வேறுபாடு, பதப்பொருள் அறவே இல்லை என்பது மட்டுமே. அந்த ஒரு வேறுபாடு செய்த மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. புட்டிச் சொட்டைப் போட்டதும் முகத்தைச் சுளித்தவர், குப்பிச் சொட்டைப் போட்டபோது இமைக்கவும் இல்லை. ஸ்டீராய்டு ஆறு வேளையும் பிறகு ஐந்து வேளையும் போட்டுக்கொண்டிருந்த முதல் இரு வாரங்களில், புட்டிக் கண்ணீரை நிறுத்திவிட்டு இதற்கு மாறிய பிறகு, மாலை எரிச்சல் கண்கூடாகக் குறைந்தது. ஒருவருடைய கண்ணில் நடந்ததை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்றாலும், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்படுபவர்களுக்குப் பதப்பொருள் இல்லாததையே கண் மருத்துவர்கள் பரிந்துரைப்பது இந்த அனுபவத்துக்கு ஒத்தே போகிறது.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்துப் பாராட்ட விருப்பமில்லை. சொட்டுக் கணக்கில் பார்த்தால் புட்டியைவிடப் பல மடங்கு விலை. திருகிப் பிரித்த வாயில் சில வேளை பிளாஸ்டிக் பிசிறு நிற்கிறது. முதல் சொட்டைக் கீழே சிந்திவிட்டு இரண்டாவதைக் கண்ணில் விடுவது நல்லது. மூட்டுவலி உள்ள விரல்களால் அந்தத் தலையைத் திருக முடிவதில்லை. ஒரு குப்பியில் பெரும்பாலும் 0.4 மில்லிலிட்டர் இருக்கிறது; ஒரு வேளைக்குத் தேவை ஒரே சொட்டு. மீதியை வீசவேண்டுமே என்று மனம் கேட்காமல், பஞ்சை அடைத்து மறுவேளைக்கு வைப்பவர்கள் இருக்கிறார்கள். பதப்பொருள் இல்லாத மருந்தைத் திறந்து வைப்பது கிருமிக்கு விருந்து வைப்பதுதான். அறுவை செய்த கண்ணில் அந்தச் சிக்கனம் கூடவே கூடாது. சில தயாரிப்புகளின் குப்பிகளை மறுபடி மூடி, உறையில் குறித்த மணி நேரத்துக்குள் பயன்படுத்தலாம். அப்படி அச்சிட்டிருந்தால் மட்டுமே வைக்கவேண்டும்.

குப்பிக்கும் புட்டிக்கும் நடுவே, ஒருவழி வால்வு பொருத்திய பதப்பொருளற்ற புட்டிகளும் வருகின்றன. சொட்டு வெளியேறிய பின் காற்றோ நீரோ உள்ளே திரும்பாதபடி செய்த அமைப்பு அது. விலை நோக்கில் இவை நல்ல நடுவழி. ஆனால் அழுத்துவதற்குக் கை வலு வேண்டும், சொட்டு விழும் நேரத்தையும் கணிக்க முடிவதில்லை. இவ்வகையில் வாங்குபவர்கள் வால்வு உண்டா என்று பார்த்தே வாங்கவேண்டும். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்ட செயற்கைக் கண்ணீர் ஒன்று சென்னையை அடுத்த ஆலையில் தயாரானது. மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் கிருமித் தொற்றோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. பார்வை இழந்தவர்களும் உயிரிழந்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டு அதிகாரிகள் பரிசோதித்த மாதிரிகளில் கிருமி காணப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆயினும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சுட்டிய குறைகளுள் ஒன்று வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் பொருந்தும்: பல முறை பயன்படுத்தும் புட்டி, உள்ளே போதிய பதப்பொருள் இல்லை. வால்வும் இல்லாமல் பதப்பொருளும் இல்லாமல் வரும் பெரிய புட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

படுக்கும் முன் போடுவதற்குக் கெட்டியான கண் ஜெல் ஒன்றும் வாங்கினோம். காலையில் இமை பிரியும்போது இருந்த இழுப்பு குறைந்தது. பார்வை வெகு நேரம் மங்கலாகவே இருப்பதால், இரவில் கழிப்பறைக்கு எழும் வழக்கமுள்ள முதியவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்கவேண்டும். சொட்டுகள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடவேண்டியது இது. முதலில் போட்டால் அதன் மேல் விழும் மருந்து உள்ளே இறங்காது.

இரவுக் கவசம் மருத்துவமனையிலேயே கொடுத்தார்கள்: துளைகள் உள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மூடி. தூக்கத்தில் கண்ணைக் கசக்காமல் காப்பதுதான் அதன் வேலை. அதை அது ஒழுங்காகச் செய்தது. தொல்லை கொடுத்தது அதை ஒட்டும் பிளாஸ்திரி. சாதாரணப் பிளாஸ்திரியை உரிக்கும்போது முதிய தோல் சிவந்து எரிந்தது. கண் உறுத்துகிறது என்று அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மையில் கன்னத்து எரிச்சல்தான். காகித வகை மருத்துவ டேப் ஒரு சுருள் வாங்கி, நெற்றியிலிருந்து கன்னத்துக்குச் சாய்வாக ஒட்டி, காலையில் ஈரத்துணியால் நனைத்து மெதுவாக எடுத்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. இந்தப் பையில் இருந்ததிலேயே மிகக் குறைந்த விலைப் பொருள் இதுதான். பலனில் குப்பிக்கு அடுத்த இடத்தை இதற்குத்தான் தருவேன்.

கறுப்புக் கண்ணாடி விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. கண்ணாடிக் கடைப் பணியாளர், புறஊதாக் கதிர் பட்டால் புது லென்ஸ் கெட்டுவிடும் என்ற தொனியில் பேசி, விலை உயர்ந்த ஒன்றை எடுத்து வைத்தார். இப்போது வைக்கப்படும் லென்ஸ்கள் பெரும்பாலும் புறஊதாக் கதிரைத் தாமே தடுப்பவை. கண்ணாடி தேவைப்படுவது முதல் சில நாள் வெளிச்சக் கூச்சத்துக்காகவும், காற்றும் தூசியும் கையும் கண்ணில் படாமலிருக்கவும்தான். அதற்குக் கருமை முக்கியமல்ல. பக்கவாட்டும் மேற்புறமும் மூடியிருப்பதே முக்கியம். பத்துக்கடை ஏறி இறங்காமல், மருத்துவமனை வாசலில் விற்கும் எளிய, முகத்தோடு வளைந்த கண்ணாடியே போதும். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பது இடறி விழுவதற்கு வழி. பவர் கண்ணாடியையும் அப்போதே அளவெடுத்து வாங்கச் சொல்வார்கள். கண் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் அதற்கு அவசரமே இல்லை.

இமை துடைக்கும் ஈரத்தாள்கள் வசதியானவை. ஆனால் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பஞ்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் பிழிந்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே துடைப்பு. ஒரு பஞ்சு ஒரு முறைக்கு மட்டும். காய்ந்த பீளையும், பிரெட்னிசோலோன் சொட்டு இமைமுடியில் விட்டுப்போகும் வெண்பொடியும் இதிலேயே போய்விடுகின்றன. அந்த வெண்பொடியைப் பார்த்துப் பீளை என்று பயப்படுபவர்கள் உண்டு. அது மருந்தின் வண்டல். அந்தச் சொட்டு நீரில் கரையாத துகள்கள் மிதக்கும் திரவம் என்பதால், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கிய பிறகே போடவேண்டும். ஈரத்தாள்தான் வேண்டுமென்றால், தேயிலை மர எண்ணெய் சேர்த்த வகையை அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் தவிர்க்கவேண்டும். அது கண்ணில் பட்டால் கொளுத்தும்.

தானே சொட்டு போட்டுக்கொள்ள உதவும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை இணையத்தில் வரவழைத்தோம். புட்டியை அதில் செருகிக் கண்குழி மேல் வைத்து அழுத்தவேண்டும். புது வெட்டு உள்ள கண்ணருகே எதையும் வைத்து அழுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, ஓரங்கட்டிவிட்டோம். தலையணையில்லாமல் மல்லாந்து படுக்கவைத்து, "மேலே பாருங்கம்மா" என்று சொல்லி, கீழிமையைச் சற்றுக் கீழே இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். கண் கொள்ளுமளவு ஒரு சொட்டுக்கும் குறைவே. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். பிறகு கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரல் நுனியால் ஓரிரு நிமிடம் மென்மையாக, விழியைத் தொடாமல் அழுத்தினால், மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசப்பது குறைகிறது. ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி விட்டபிறகுதான் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போவது நின்றது.

காசில்லாத இரண்டு செய்திகள். செயற்கைக் கண்ணீரைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்து எடுத்துப் போட்டால், எரிச்சல் உடனே அடங்குவதோடு, சொட்டு கண்ணில் விழுந்ததா என்பதும் குளிர்ச்சியால் தெரிந்துவிடும். உறைபெட்டியில் வைக்கக்கூடாது; ஸ்டீராய்டு போன்றவற்றை உறையில் குறித்தபடி மட்டுமே வைக்கவேண்டும். அடுத்தது, காற்று. மின்விசிறியை முகத்துக்கு நேரே வீசாமல் திருப்பியதும், மிளகாய் வறுக்கும் நேரத்தில் அடுக்களையிலிருந்து அவரை அப்புறப்படுத்தியதும் அரைப் புட்டி மருந்தை மிச்சப்படுத்தின. இரண்டாவது, அறுவையைவிடக் கடினமான காரியமாக இருந்தது.

கண் உறுத்துகிறது என்று கேட்டதும் அக்கம்பக்கத்தார் நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய், சிறுதேன் என்று கொண்டுவருவார்கள். அன்பு பெரிது, ஆனால் வெட்டு ஆறாத கண்ணுக்குள் இவற்றில் எதுவும் போகக்கூடாது. கண் சிவப்பை வெளுக்கவைக்கும் கடைச் சொட்டுகளையும் விட்டுவிடவேண்டும்; சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்பது மருத்துவர் பார்க்கவேண்டிய அடையாளம், அதை மறைக்கக்கூடாது. முதல் நாள் இரவு வலிக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது. நாளுக்கு நாள் கூடும் வலி, மங்கிக்கொண்டே வரும் பார்வை, மிகும் சிவப்பு, சீழ் போன்ற கசிவு, மின்னல் போன்ற ஒளி, திரை விழுந்தது போன்ற நிழல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அது எந்தச் சொட்டாலும் தணிக்கவேண்டிய உறுத்தல் அல்ல. அன்றே, இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வலது கண்ணுக்கு அடுத்து நாள் குறித்திருக்கிறார்கள். இம்முறை பதப்பொருளற்ற குப்பிகளை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கப் போகிறோம். காகித டேப் சுருளும் பஞ்சும் வாங்குவோம், இரவு ஜெல் ஒன்றும். கறுப்புக் கண்ணாடி பழையதே இருக்கிறது. தாங்கியை யாருக்கேனும் கொடுக்கலாமென்றால், கொடுக்க மனம் வரவில்லை.